ஹெ ஷோ வூ: நரையைக் கறுப்பாக்கும் என்று சொல்லப்படும் சீனக் கிழங்கைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநரைக்கு மருந்து தேடி இணையத்தில் அலைபவர்களின் கண்ணில் என்றாவது ஒரு நாள் பட்டுவிடும் பெயர் ஹெ ஷோ வூ. பொடியாகவும் மாத்திரையாகவும் கருநிறச் சில்லுகளாகவும் விற்கப்படும் இந்த வேர்க்கிழங்கு, சீன மருத்துவத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கி வருவது. கடந்த முப்பது ஆண்டுகளில் கல்லீரல் மருத்துவர்களின் கவனத்துக்கும் வந்திருப்பது. வாங்குவதற்கு முன் பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. அவற்றில் சில, விற்பவர்களுக்கு உவப்பாக இருக்கப்போவதில்லை.

ஹெ ஷோ வூ என்பது என்ன செடி?

சீனாவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் வேலிகளிலும் பாறை இடுக்குகளிலும் படர்ந்து வளரும் பல்லாண்டுக் கொடி இது. இலைகள் இதய வடிவில் இருக்கும்; பூக்கள் சிறியவை, வெண்மையானவை, கொத்துக் கொத்தாக இலையுதிர் காலத்தில் பூப்பவை. மருந்தாவது மண்ணுக்கடியில் பருத்துக் கிடக்கும் செம்பழுப்பு நிறக் கிழங்கு. தாவரவியலாளர்கள் இதற்குப் பலமுறை பெயர் மாற்றியிருக்கிறார்கள். பழைய நூல்களில் பாலிகோனம் மல்டிஃப்ளோரம் என்றும், பின்னர் வந்தவற்றில் ஃபல்லோப்பியா மல்டிஃப்ளோரா, ரெய்னூட்ரியா மல்டிஃப்ளோரா என்றும் காண்பவை அனைத்தும் இதே செடிதான். மேலை நாட்டுக் கடைகளில் வழங்கும் "ஃபோ-டி" என்பது அமெரிக்க வணிகர்கள் சூட்டிய பெயர். சீன மருந்துக் கடையில் அப்படிக் கேட்டால் யாருக்கும் விளங்காது.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் பேதிக்காக விற்கப்படும் ரேவல்சின்னிக் கிழங்கும் இதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ரேவல்சின்னி என்ற பெயரின் பின்பாதியில் சீன நாடு ஒளிந்திருக்கிறது என்பது வேறு செய்தி. இந்த உறவு வெறும் குடும்பப் பட்டியல் உறவன்று. இரண்டிலும் எமோடின் முதலிய ஆந்த்ராகுவினோன் வேதிப்பொருள்கள் உள்ளன. குடலை இளக்குவது அவற்றின் வேலை, கல்லீரல் பாதிப்பைப் பற்றிய பேச்சிலும் அவற்றின் பெயர் அடிபடுகிறது.

இந்தப் பெயர் எப்படி வந்தது?

"ஹெ" என்பது ஒரு குடும்பப் பெயர், "ஷோ" தலை, "வூ" காக்கையின் கருமை. ஆக, பெயரின் பொருள் ஹெ குடும்பத்தானின் கறுத்த தலை என்பதாகும். தாங் அரசமரபுக் காலத்து அறிஞரும் அதிகாரியுமான லீ ஆவ், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய குறிப்பு ஒன்றிலிருந்து இந்தக் கதை பரவியது.

அக்கதையின்படி, உடல்வலுவற்ற ஒருவர் ஐம்பத்தெட்டு வயது வரை மனைவியோ மக்களோ இல்லாமல், மலையில் ஒரு குருவிடம் காலம் கழித்துவந்தார். ஓர் இரவு குடித்துவிட்டு வெட்டவெளியில் கிடந்தபோது, மூன்றடி தள்ளி முளைத்த இரண்டு கொடிகள் ஒன்றையொன்று தழுவிப் பிணைவதும், நெடுநேரம் கழித்துப் பிரிவதும், மீண்டும் பிணைவதுமாக இருந்ததைக் கண்டார். விடிந்ததும் வேரைத் தோண்டி எடுத்து, யாரைக் கேட்டும் அதன் பெயர் தெரியாமல், கடைசியில் இடித்துப் பொடியாக்கித் தானே உண்ணத் தொடங்கினார். நோய்கள் நீங்கின, நரைத்த முடி கறுத்தது, பத்தாண்டுக்குள் பிள்ளைகள் பலர் பிறந்தனர். அதனால் அவர் பெயரே "சந்ததி தர வல்லவர்" என்னும் பொருளில் நெங்-ஸி என்று மாறியது. அவரும் அவர் மகனும் நூற்றறுபது ஆண்டுகள் வாழ்ந்தார்களாம்; பேரன் ஷோ வூ நூற்றுமுப்பது வயதிலும் கறுத்த முடியோடு இருந்தாராம். கிழங்குக்குப் பேரனின் பெயர் நின்றுவிட்டது.

நம் சித்தர் கதைகளோடு பழகியவர்களுக்கு இந்தக் கதையின் நடை அந்நியமாக இராது. ஆனால் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முடி கறுத்தது அதில் ஒரு துணைப் பலன் மட்டுமே; மையமாக நிற்பது பிள்ளைப்பேறு. பின்னாளில் அரசவை வரை இந்தக் கிழங்கைக் கொண்டுசென்றதும் அதுதான். 1521 முதல் 1567 வரை ஆண்ட மிங் பேரரசர் ஜியாஜிங்குக்குத் தொடக்கத்தில் வாரிசு இல்லை. ஷாவ் யிங்ஜியே என்பவர் "ஏழு மணிகளின் அழகுத் தாடி உருண்டை" என்ற மருந்தை அவருக்கு அளித்தார் என்றும், அதன் பிறகு இளவரசர்கள் பிறந்தனர் என்றும், அதிலிருந்து ஹெ ஷோ வூவின் புகழ் நாடெங்கும் பரவியது என்றும் மருத்துவர் லீ ஷிஷென் தம் பென்ட்சாவ் காங்மூ என்னும் மருந்துப் பெருநூலில் எழுதினார். 1578-இல் எழுதி முடிக்கப்பட்ட அந்த நூல்தான் இன்றுவரை இக்கிழங்கைப் பற்றிய மரபு வழக்குகளுக்கு முதன்மை ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

அந்த உருண்டையில் வேறு என்னென்ன சேர்ந்தன?

கிழங்கோடு ஃபூ லிங் என்னும் பூஞ்சை, நம் நாயுருவியின் இனத்தைச் சேர்ந்த நியூ ஷி வேர், தாங் குய் வேர், கோஜிப் பழம், கஸ்குட்டா கொடியின் விதை, பூ கூ ஷி என்னும் விதை ஆகியவை சேர்ந்தன. கடைசியில் சொன்ன பூ கூ ஷி வேறொன்றுமில்லை, வெண்புள்ளிக்காகச் சித்த மருத்துவத்தில் பயன்படும் நம் கார்போகரிசிதான். அதுவும் தனியாகவே கல்லீரல் பாதிப்போடு தொடர்புபடுத்தப்பட்ட சரக்கு என்பதால், இந்தப் பழைய கலவை இன்று மாத்திரை வடிவில் கிடைக்கும்போது இரட்டைக் கவனம் தேவைப்படுகிறது.

கிழங்குக்கும் தலைமுடிக்கும் சீன மருத்துவம் என்ன தொடர்பு சொல்கிறது?

சிறுநீரகத்தின் செழிப்பு முடியில் வெளிப்படும் என்பதும், முடி என்பது குருதியின் மிச்சம் என்பதும் சீன மருத்துவத்தின் பழைய கொள்கைகள். அங்கே சிறுநீரகம் என்பது நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. வளர்ச்சி, இனப்பெருக்கம், முதுமை ஆகியவற்றை ஆளும் உயிர்ச்சாரத்தின் இருப்பிடத்தையே அச்சொல் குறிக்கிறது. எனவே நரை, இடுப்பு வலி, முழங்கால் தளர்ச்சி, காதிரைச்சல், விந்துக் குறைவு ஆகியவை அந்த மருத்துவத்தில் ஒரே குறைபாட்டின் வெவ்வேறு முகங்கள். பதப்படுத்திய ஹெ ஷோ வூ அந்தச் சாரத்தையும் குருதியையும் ஊட்டும் மருந்துகளின் வகையில் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே மரபு முறையில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் நரைத்தவர்களுக்கெல்லாம் இதைக் கொடுப்பதில்லை. நாடியும் நாக்கும் அந்தக் குறைபாட்டைக் காட்டினால் மட்டுமே, வேறு சரக்குகளோடு சேர்த்து, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுப்பார். "முடி கறுக்க தினம் இரண்டு மாத்திரை" என்னும் விற்பனை வாசகம் நவீன மருத்துவத்துக்கு மட்டுமன்று, அது மேற்கோள் காட்டும் மரபுக்கே அந்நியமானது.

பச்சைக் கிழங்கு, பதப்படுத்திய கிழங்கு என்று இரண்டு வகையாகச் சொல்கிறார்களே, வேறுபாடு என்ன?

இக்கிழங்கைப் பற்றிய பேச்சில் மிகுதியாகப் பிழை நேர்வது இந்த இடத்தில்தான். சுத்தி செய்யாத சரக்கு ஒரு மருந்து, சுத்தி செய்த சரக்கு இன்னொரு மருந்து என்று சித்த மருத்துவம் பார்ப்பதைப் போலவே சீன மருந்து நூல்களும் இவற்றை இரு வேறு மருந்துகளாகவே பார்க்கின்றன. வெட்டி உலர்த்திய பச்சைக் கிழங்கு மலத்தை இளக்கும். கட்டி, கழலை, தோல் அரிப்பு, நாள்பட்ட முறைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு உரியது. முடிக்கும் எலும்புக்கும் என்று சொல்லப்படுவது பதப்படுத்தியது மட்டுமே.

பதப்படுத்தும் முறைக்குச் சீன அரசின் மருந்து நூல் இலக்கணம் வகுத்திருக்கிறது. நூறு கிலோ கிழங்குக்குப் பத்து கிலோ கறுப்பு சோயாவை வேகவைத்து வடித்த சாறு தேவை. அந்தச் சாற்றில் ஊறிய துண்டுகளைச் சாறு முழுவதும் உறிஞ்சப்படும் வரை இரும்பல்லாத கலத்தில் இளஞ்சூட்டில் வைக்கலாம், அல்லது உள்ளும் புறமும் பழுப்பாகும் வரை ஆவியில் அவித்து உலர்த்தலாம். ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை வெயிலில் உலர்த்துவது பழைய முறை. இரும்புக் கத்தியையும் இரும்புப் பாத்திரத்தையும் பழைய நூல்கள் அறவே விலக்கின. மூங்கில் கத்தியால் சீவச் சொன்னவர்களும் உண்டு. மருந்து உண்ணும் காலத்தில் விலங்கின் இரத்தம், செதிலில்லாத மீன், முள்ளங்கி, பூண்டு, வெங்காயம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்ற பத்தியமும் லீ ஷிஷென் நூலில் இருக்கிறது.

இந்த அவியலுக்குள் வேதியியல் மாற்றம் நடக்கிறது என்பது பின்னாள் ஆய்வுகளில் தெரிந்தது. பேதியை உண்டாக்கும் கூட்டு ஆந்த்ராகுவினோன்கள் சிதைந்து குறைகின்றன. அதனால்தான் பதப்படுத்தியது குடலை அவ்வளவாக இளக்குவதில்லை. அதே சமயம், கிழங்கின் பெருமைக்குக் காரணமாக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் ஸ்டில்பீன் கிளைக்கோசைடு என்ற பொருளும் குறைகிறது. இது திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரோலின் உறவுப் பொருள். பச்சைக் கிழங்கில் குறைந்தது 1 விழுக்காடும் பதப்படுத்தியதில் குறைந்தது 0.7 விழுக்காடும் இது இருக்க வேண்டும் என்பது சீன மருந்து நூலின் அளவுகோல்.

வாங்குபவருக்கு இதில் உள்ள சிக்கல் எளியது. பொட்டலத்தில் "ஹெ ஷோ வூ பொடி" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பது எது என்று தெரியாது. பச்சை வெளிர் செம்பழுப்பாகவும் பதப்படுத்தியது பளபளப்பான கரும்பழுப்பாகவும் இருக்கும் என்றாலும், எவ்வளவு நேரம் அவிக்கப்பட்டது என்பதை நிறம் மட்டும் சொல்லிவிடாது. பொடியாக்கிக் குப்பிக்குள் அடைத்துவிட்டால் அந்தச் சிறு அடையாளமும் போய்விடுகிறது.

உண்மையில் நரைத்த முடி கறுக்குமா?

எலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் இக்கிழங்கின் சாறு, முடிக்குக் கருமை தரும் மெலனின் என்னும் நிறமியின் உற்பத்தியைத் தூண்டியதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. டைரோசினேஸ் என்ற நொதியின் செயல்பாடு கூடியதும் அவற்றில் பதிவாகியுள்ளது. மனிதர்களிடம், போதிய எண்ணிக்கையில், ஒப்பீட்டுக் குழுவோடு நடத்தப்பட்டு நரை கறுப்பாகும் என்று நிறுவிய தரமான ஆய்வு எதுவும் இல்லை. மயிர்க்காலில் நிறமிச் செல்களை உருவாக்கும் மூலச்செல்கள் தீர்ந்துபோவதால் வரும் நரைக்கு எலியின் முடியில் கண்ட விளைவைப் பொருத்திப் பார்ப்பது தாவிக் குதிப்பதாகும்.

ஆயினும் "எனக்குக் கறுத்தது" என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டத் தேவையில்லை. வைட்டமின் பி12 குறைவாலோ தைராய்டு கோளாறாலோ வந்த இளநரை, அந்தக் குறை சரியானதும் ஓரளவு மாறக்கூடும். அதே காலத்தில் உண்டுவந்த கிழங்குக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்ந்திருக்கலாம். முப்பது வயதுக்குள் நரைப்பவர், கிழங்குக்குச் செலவிடும் பணத்தில் முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே மேல்.

கல்லீரலைக் கெடுக்கும் என்பது உண்மையா, அல்லது அலோபதிக்காரர்களின் மிகைப்படுத்தலா?

உண்மை. இதை முதலில் பதிவுசெய்தவர்களும் இதன்மீது மிகக் கடுமையான கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவர்களும் சீனர்களே என்பதால், மேற்கத்திய மருத்துவத்தின் காழ்ப்பு என்று இதை ஒதுக்க இடமில்லை. இக்கிழங்கால் செய்யப்பட்ட ஷோ வூ பியன் என்னும் மாத்திரையை உண்டவருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை ஹாங்காங் ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்டனர். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. சீன உணவு மருந்து நிர்வாகம் 2014-இல், சத்துணவுப் பொருள்களில் சேர்க்கப்படும் அளவுக்கு உச்சவரம்பு விதித்து, கல்லீரல் பாதிப்பு அபாயம் உண்டு என்ற எச்சரிக்கையையும் உறைமேல் அச்சிட வேண்டும் என்று ஆணையிட்டது.

பாதிப்பு வரும் விதம் இது. மருந்தைத் தொடங்கிய சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சோர்வு, பசியின்மை, குமட்டல் தலைகாட்டும். சிறுநீர் கட்டங்காப்பியின் நிறத்துக்கு மாறும். பிறகு கண் மஞ்சளாகும், சிலருக்கு உடல் அரிக்கும். இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் பன்மடங்கு உயர்ந்திருக்கும். நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் கல்லீரல் செயலிழந்து மாற்று அறுவை சிகிச்சை வரை சென்றிருக்கிறது, உயிரிழப்புகளும் பதிவாகியுள்ளன. ஒருமுறை பாதிக்கப்பட்டுத் தேறியவர், காரணம் அறியாமல் மீண்டும் அதே கிழங்கை உண்டபோது முன்னிலும் விரைவாகக் காமாலை திரும்பிய நிகழ்வுகள் பல உண்டு. கிழங்கின்மேல் குற்றத்தை உறுதிப்படுத்திய வலுவான சான்றுகள் இவைதாம்.

பதப்படுத்தியதாக இருந்தால் பாதுகாப்புத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பச்சைக் கிழங்கால் அபாயம் கூடுதல் என்று கருதப்படுகிறது. ஆனால் பதப்படுத்தியதை உண்டவர்களிடமும் இதே பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

ஒரே மருந்தை உண்ட இருவரில் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொருவருக்குக் காமாலை வந்தது ஏன்?

நஞ்சு என்றால் அளவுக்கேற்ப எல்லோரையும் தாக்க வேண்டும். இக்கிழங்கு அப்படித் தாக்குவதில்லை. உண்பவர்களில் மிகப் பலருக்கு எதுவும் நேர்வதில்லை, குறிப்பிட்ட சிலரைக் கடுமையாகத் தாக்குகிறது. 2019-இல் சீன ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விடையின் நுனியைக் கண்டனர். எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற மரபணு வடிவம், பாதிக்கப்பட்டவர்களிடம் பொது மக்களிடம் காண்பதைவிடப் பல மடங்கு மிகுதியாக இருந்தது. நோயெதிர்ப்பு மண்டலம் தன் செல்லையும் அயல் பொருளையும் பிரித்தறிய உதவும் மரபணுக்களில் இது ஒன்று. ஆகவே அந்த வடிவத்தைப் பெற்றவர்களின் உடல், கிழங்கின் ஏதோ ஒரு கூறைக் கல்லீரலில் எதிர்கொள்ளும்போது கல்லீரலையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்று கருத இடம் ஏற்பட்டது. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களிடமும் இதே வடிவம் மிகுதியாகக் காணப்பட்டது. இந்த மரபணு வடிவம் சீனர்களுக்கு மட்டும் உரியதன்று. "என் நண்பர் இரண்டு ஆண்டாகச் சாப்பிடுகிறார், ஒன்றும் ஆகவில்லை" என்னும் சாட்சியம் நண்பரின் மரபணுவைப் பற்றியது, உங்களுடையதைப் பற்றியதன்று.

எவ்வளவு உண்ணலாம்?

தகுதி பெற்ற சீன மருத்துவர் எழுதித் தரும் கஷாயத்துக்குச் சீன மருந்து நூல் குறிக்கும் நாள் அளவு பச்சைக் கிழங்கு 3 முதல் 6 கிராம், பதப்படுத்தியது 6 முதல் 12 கிராம். மருத்துவரின் மேற்பார்வையின்றித் தாமே வாங்கி உண்ணும் சத்துணவுப் பொருள்களுக்கு 2014-இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு பச்சைக்கு 1.5 கிராம், பதப்படுத்தியதற்கு 3 கிராம். இணையக் கடைகளில் "நாளுக்கு இரண்டு கரண்டி" என்று எழுதியிருப்பதை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாறெடுத்துச் செறிவூட்டிய மாத்திரை என்றால் இந்தக் கணக்கும் நேரடியாகப் பொருந்தாது, ஏனெனில் ஒரு கிராம் சாறு எத்தனை கிராம் கிழங்குக்குச் சமம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும்.

மனித வடிவில் இருக்கும் கிழங்கின் படங்களைப் பார்த்தேன். உண்மையா?

ஆணும் பெண்ணுமாகக் கைகால் முளைத்து நிற்கும் அந்தக் கிழங்குகள், பெரும்பாலும் வள்ளிக் கிழங்கு போன்ற வேறு ஏதேனும் ஒன்றை அச்சுக்குள் வைத்து வளர்த்தோ, வாழை இன மரத்தின் அடிக்கிழங்கைச் செதுக்கியோ செய்யப்பட்டவை. உச்சியில் ஹெ ஷோ வூக் கொடி ஒன்றைச் செருகி வைப்பதும் உண்டு. மனித உருவக் கிழங்கை உண்டால் சிரஞ்சீவி ஆகலாம் என்ற நம்பிக்கை பழையது. எழுத்தாளர் லூ சுன், தாம் சிறுவனாக இருந்தபோது அந்த ஆசையில் வீட்டுத் தோட்டத்தில் கொடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மண்சுவரையே பாழாக்கியதையும், மனிதனைப் போன்ற ஒரு கிழங்கும் அகப்படாததையும் 1926-இல் நினைவுகூர்ந்திருக்கிறார்.

உண்மையான கிழங்கின் அடையாளம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. குறுக்கே வெட்டினால் நடுத் தண்டைச் சுற்றி நான்கு முதல் பதினொரு சிறு வட்டங்கள் மேகக் கூட்டம்போலத் தெரியும். சீனர்கள் இதை மேகப் பட்டு வேலைப்பாடு என்று அழைக்கிறார்கள். செதுக்கிச் செய்த போலியில் இந்த அமைப்பு இராது.

வெள்ளை ஹெ ஷோ வூ என்பது?

முற்றிலும் வேறு செடி. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த சைனாங்கம் கொடியின் கிழங்கு அது. ஜியாங்சு மாகாணத்தின் பின்ஹாய் பகுதியில் பெருமளவு பயிராகிறது. ஒன்றுக்குச் சொல்லப்படும் பலனையோ தீங்கையோ மற்றதற்குச் சொல்ல முடியாது.

கொடியும் மருந்தாகுமா?

ஆகும். தண்டுக்கு "இரவில் தழுவும் கொடி" என்று பெயர். அந்தப் பழங்கதையை நினைவூட்டும் பெயர். தூக்கமின்மைக்குத் தருகிறார்கள். முடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம் கரிசலாங்கண்ணியைப்போலத்தான் இதுவும் என்கிறார்களே?

செடியளவில் இரண்டுக்கும் உறவில்லை. ஆனால் வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி சீன மருத்துவத்திலும் மோ ஹான் லியென் என்ற பெயரில் நரைக்காகவே பயன்படுகிறது. கிள்ளினால் கறுக்கும் அதன் சாறு இரு நாட்டு மருத்துவர்களையும் ஒரே எண்ணத்துக்கு இட்டுச் சென்றிருக்க வேண்டும். தலைக்குத் தேய்க்கும் தைலத்தையும் உள்ளுக்கு உண்ணும் கிழங்கையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் தவறு. மயிர்க்காலோடு நிற்கும் எண்ணெய் கல்லீரலை எட்டுவது அரிது. விழுங்கிய கிழங்கின் வேதிப்பொருள்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குத்தான் போகின்றன.

யார் இதைத் தொடவே கூடாது?

கல்லீரல் நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் அந்நோய் கண்டவர்களும், முன்பு எந்த மூலிகையாலோ மருந்தாலோ காமாலை வந்தவர்களும் தவிர்க்க வேண்டும். காசநோய் மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட் போன்று கல்லீரலுக்கு ஏற்கெனவே சுமை தரும் மருந்துகளை உண்பவர்களும், நாள்தோறும் மது அருந்துபவர்களும் அவ்வாறே. கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பாதுகாப்பானது என்று காட்டும் சான்று இல்லை. வயிற்றுப்போக்கு உள்ளவருக்கு இது ஆகாது என்பதைச் சீன மரபே சொல்கிறது.

சில வாரங்களாக உண்டுவருகிறேன். இப்போது என்ன செய்வது?

நிறுத்திவிடுங்கள், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. உடலில் எந்தக் குறியும் இல்லாவிட்டாலும் ஒருமுறை கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை செய்துகொள்வது நல்லது. சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமில்லாத சோர்வும் பசியின்மையும் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு நாலு நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். "வேறு மருந்து ஏதாவது உண்டீர்களா" என்று கேட்கும்போது மூலிகைதானே என்று பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால், மருத்துவர் வைரஸ் காமாலையைத் தேடி நாள்களைக் கழிக்க நேர்கிறது. மீதமுள்ள மாத்திரையையும் அதன் உறையையும் எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் சென்று அவர் மேசைமேல் வையுங்கள்.